முதல் வரிக்குக் கீழே

அன்புசெல்வனிடம் யாரும் வழி கேட்டுவிடக்கூடாது. கேட்டால் வழி சொல்வதோடு நிற்கமாட்டான். கூடவே நடந்து வந்து, பஸ் ஏற்றிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடமும் ஒருமுறை சொல்லிவிட்டு, பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலோரம் ஓடிவந்து, "எறங்கி லெப்டுல திரும்புங்க, ரைட்ல போயிடாதீங்க" என்று கத்துவான். கெட்டவன் இல்லை, தங்கமான மனுஷன். ஆனால் தங்கத்துக்கு வாய் முளைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு என்ன ஆகும்? அவன் பெண்டாட்டி பட்ட பாடுதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை ஒன்றில் அவன் ஷிப்டு சூப்பர்வைசர். சொந்த ஊர் பொன்னேரி. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அவனுக்கு ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. சொந்தக் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்வதற்கென்றே செய்தது. இடது பக்கம் குறிப்புகளின் பெயர் வரிசை, வலது பக்கம் வெள்ளைத் தாள். பெயரைத் தட்டினால் தாள் திறக்கும், அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவன் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அடேயப்பா, ஆண்பிள்ளை பிறந்தவன்கூட அப்படி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கமாட்டான்.

ஷிப்டு ரூம் கம்ப்யூட்டரில் அதைப் போட்டான். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழும்படி இன்னொன்றையும் சேர்த்துப் போட்டான். ஆளுக்கொரு பகுதி பிரித்து வைத்துவிட்டு, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்தான்.

"மனசுல வெச்சிக்கினு இருந்தா மறந்து பூடும்பா. இதுல எழுதி வெச்சிரு. வேணும்போது ஒரு தட்டு, வந்து நிக்கும்" என்பான்.

கம்பெனிக்கு வேன் ஓட்டும் கான்ட்ராக்டர் ஜலாலுதீன் பாய் பழவேற்காட்டுக்காரர். வியாபாரக் குடும்பம், நக்கலுக்குப் பஞ்சமில்லை. அவர்தான் இவனுக்கு 'நோட்டு வாத்தியார்' என்று பேர் வைத்தார். வைத்த கையோடு அவரே மாணவராகவும் சேர்ந்தார். எந்த வேனுக்கு எப்போது பிரேக் பார்த்தோம் என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. அடுத்தது ஃபிட்டர் பரசுராமன். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வந்த வரன்களில் யாருக்கு எந்த ஊர், யார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் குழம்பிப்போய், ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுப் பையனை விசாரித்துவிட்டு வந்திருந்தார். அவமானம் தாங்காமல் வாத்தியாரிடம் சரணடைந்தார்.

அந்த மாசியில்தான் அன்புசெல்வனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பேர் கனகவல்லி. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிற துளசிராமனின் ஒரே மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். நிச்சயதார்த்தத்தில் யாரோ ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொண்ணு படிச்சிருக்குதே, வேலைக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார். கேள்வி யாரைப் பார்த்து வந்தாலும் பதில் அன்புசெல்வன் வாயிலிருந்துதானே வரும்? "அதெல்லாம் எதுக்குங்க? என் சம்பளம் போதும். எங்க ஊட்ல ராணி மாரி இருக்கட்டும்" என்று சபையில் சொல்லிவிட்டான். மாப்பிள்ளைக்கு என்ன மனசு பார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கனகாவின் தலை ஆடியதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு வீடு. அவனுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. அவன் வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது அவன் தூங்குவான். சேர்ந்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் அவள் அதிகம் பேசுவதில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் கொள்ளை ஆசை. அவள் கொலுசுச் சத்தம் சமையலறையில் கேட்டாலே அவனுக்கு வேலைக்குப் போக மனசு வராது. ஆனால் அவளை ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் அவனே சொல்லிவிடுவான்.

"ரசம் எனக்குப் பிடிச்சிருக்குதான்னு பாக்குறியா? பிடிச்சிருக்குது. மொளகு ஒரு பிடி தூக்கல், அதனால இன்னா? சளிக்கு நல்லதுதான். உனக்கு சளி இல்லியே? இல்ல, எனக்குத் தெரியும்."

இதில் அவள் எங்கே வாயைத் திறப்பது? கூச்ச சுபாவம் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். வாயால் சொல்லக் கூசுகிறவள் கையால் எழுதுவாள் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கையிலேயே மருந்து இருக்கும்போது டாக்டரைத் தேடுவானேன்? வீட்டு ஹாலில், கனகா பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதிலும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அதன் முன்னால் உட்கார வைத்தான்.

பாடம் நீண்டது. வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், சமையலுக்கு ஒரு ஃபோல்டர், உள்ளுக்குள்ளே உள்ளுக்குள்ளே இன்னும் நாலைந்து என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் கண் கொட்டாமல் கேட்டாள்.

"நான் ஷிப்டுல இருக்கும்போது உனக்கு இன்னா தோணுதோ அத எழுதி வெய்யி. நான் வந்து படிப்பேன். நானும் எழுதி வெப்பேன், நீ படி. இன்னா வேணா எழுதலாம். தப்பே கெடையாது. எங்க, ஒன்னு எழுது பாப்போம்."

கனகா விரலை ஊன்றி ஒரு எழுத்தைத் தட்டினாள். திரையில் 'உ' விழுந்தது.

"அப்புடிப் போடு! பிள்ளையார் சுழி போட்டாச்சி, இனிமே எல்லாம் தானா வரும்" என்று அவன் கை தட்டினான். அதற்குள் குக்கர் விசில் அடித்தது. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடிவிட்டாள். அவள் சிரித்ததை அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டான். இடது பக்க வரிசையில் 'உ' என்று இருந்தது. திறந்து பார்த்தான். நேற்றைய அதே தாள், அதே ஒரு எழுத்து. பாவம், எழுத வராமல் நிற்கிறாள் என்று நினைத்தான். வெற்றுத் தாள் எதற்கு என்று அதை அழித்தான். அதற்கடுத்த நாளும் வரிசையில் ஒரு 'உ' வந்திருந்தது. இதைத் திறந்து வேறு பார்க்க வேண்டுமா? அழித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இரண்டுகூட இருக்கும். தினமும் உட்கார்ந்து சுழியைப் போட்டுவிட்டு, மேலே ஓடாமல் எழுந்து போகிறாள் என்று அவனுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது. அவன் சுத்தக்காரன். ஷிப்டு ரூமில் ஒரு நட்டு கீழே கிடந்தால் பொறுக்க மாட்டான். வெற்றுத் தாள்களை விட்டு வைப்பானா?

அவன் பங்குக்கு அவன் எழுதினான். எழுத்து என்று வந்துவிட்டால் அவனுக்கு ஷிப்டு ரிப்போர்ட் பாஷைதான் வரும். 'கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும்.' 'மோட்டார் போடும்போது தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிபார்க்கவும்.' கேஸ் பதிவாகியிருக்கும், மூடி சரியாக இருக்கும். ஆக, படிக்கிறாள், எழுதத்தான் தயங்குகிறாள். ஒரு நாள் ஊக்கம் கொடுப்பதற்காக, 'தயங்காமல் எழுதவும். தவறு வந்தாலும் பரவாயில்லை' என்று எழுதி வைத்தான்.

அன்றிலிருந்து கனகா இன்னும் சுருங்கிப் போனாள். தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், கேட்டால் 'ம்' என்பாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது பிடித்துக்கொண்டு பேசலாம். அவன் வேலையிலிருந்து வந்தால் முன்பெல்லாம் அவன் முகத்தை ஒரு கணம் நின்று பார்ப்பாள். இப்போது அதுவும் போனது. வரிசையில் வந்து விழுந்துகொண்டிருந்த 'உ'வும் நின்றுபோனது.

ஆடி வரப்போகிறது. புதுப்பெண்ணைத் தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம்தானே? ஞாயிற்றுக்கிழமை துளசிராமன் வந்து மகளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அந்த வாரத்தில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கனகா சொன்னாள்:

"ஆடி முடிஞ்சாலும் கொஞ்ச நாள் அங்கியே இருக்கேனே."

"எவ்ளோ நாளு?"

"தெரியில. அங்க போய் சொல்றேன்."

அன்புசெல்வன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினான். இவள் திரும்பி வரமாட்டாள் என்று அவனுக்குப் பட்டது. என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். அடித்தானா, குடித்தானா, ஒரு கடுஞ்சொல் உண்டா? தன் முதுகு தனக்குத் தெரியுமா என்ன? ஷிப்டு ரூமில் இரண்டு நாள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆலையே பேசிக்கொண்டது.

சனிக்கிழமை காலை ஷிப்டு. மத்தியானம் கிளம்பும் நேரத்தில் பரசுராமன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"வாத்தியாரே, உன் சாஃப்ட்வேரு ஒன்னும் சரியில்லபா. அஞ்சாறு வரன் பத்தி எழுதி வெச்சேன். இப்ப தொறந்தா எல்லாம் பிள்ளையாரா நிக்கிறாரு. எது எந்த ஊட்டுப் பையன்னே தெரியில."

பின்னால் நின்ற ஜலாலுதீன் பாய் சிரித்தார். "உனக்காச்சும் பிள்ளையாரு. எனக்கு எல்லாமே 786. எந்த வேனு எதுன்னு தேடி பேஜாராப் போச்சி. கடைசில டிரைவரையே கேட்டுக்கினேன்."

அன்புசெல்வன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வரிசையைப் பார்த்தான். உ, உ, உ, உ என்று மேலிருந்து கீழாக இருந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அட, இத நான் சொல்லவே இல்லியா? தாள்ல மொத வரி இன்னா இருக்குதோ, அத்தத்தான் அது பேரா எடுத்துக்கும். நீங்க எல்லாத்துக்கும் மேல சுழியப் போட்டா எல்லாம் சுழியாத்தான் நிக்கும். எழுதுனது எங்கியும் போவல பரசு, கீழதான் கீது. இப்ப பாரு."

ஒரு 'உ'வைத் தட்டினான். தாள் திறந்தது. நடுவில் சுழி. கொஞ்சம் இடம் விட்டு, அதற்குக் கீழே பரசுராமனின் எழுத்து: 'பையன் மணலியில் வேலை. நல்ல குணம். அம்மா கொஞ்சம் முன்கோபி. நம்ம பெண் சமாளிப்பாள்.' இன்னொன்றைத் தட்டினான். அதிலும் சுழிக்குக் கீழே ஒரு வீடு, ஒரு பையன், ஒரு தகப்பனின் கவலை.

"ஐய, இங்கதான் கீதா!" என்று பரசுராமன் வாயெல்லாம் பல்லாக நின்றார். "பழக்கம்பா. ஒரு துண்டுக் காயிதம்னாலும் மேல அவரைப் போடாம கை ஓடாது."

அன்புசெல்வனின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. சிரிப்பு முகத்தில் பாதியில் கிடந்தது.

"இன்னா வாத்தியாரே, மொகம் ஒரு மாரி ஆயிடுச்சி?" என்று பாய் குனிந்து பார்த்தார்.

"பாய்… என் பொண்டாட்டி தெனமும் எழுதியிருக்கா."

"நல்லதுதானே?"

"நான் தெனமும் அழிச்சிருக்கேன் பாய். மொத நாளுக்கப்புறம் ஒன்னக்கூட தொறந்து பாக்காம."

பாய்க்கு நக்கலுக்கு வாய் திறந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். "கெளம்பு. இங்க நான் பாத்துக்கிறேன். மொதல்ல ஊட்டுக்குப் போ" என்று தோளைத் தட்டினார்.

பைக்கை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. என்ன எழுதியிருப்பாள், என்ன எழுதியிருப்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் பேச வேண்டும் என்று தவம் கிடந்தவன், பேசியதையெல்லாம் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறான். இவ்வளவு நாளும் அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான், செவிடனாக இருந்தவன் அவன்தான். அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றான். கூட்ஸ் வண்டி ஒன்று ஆந்திராப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, முடிவதாக இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தவன் நேரே கம்ப்யூட்டருக்குத்தான் போனான். துணியைச் சுருட்டி எறிந்து ஸ்விட்சைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

"கரண்ட் இல்லீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வருஷம் கரண்ட் போகாத நாளே கிடையாது. அன்றைக்குமா? அவன் அறை வாசலில் போய் நின்றான். கனகா கட்டில் மேல் புடவைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பை பெரிய பை. ஒரு மாசத்துக்கு அவ்வளவு புடவை எதற்கு?

"கனகா, நீ நோட்ஸ்ல எழுதுனியா?"

அவள் நிமிரவில்லை. "எழுதுனேனே."

"தெனமுமா?"

"தெனமுந்தான். நீங்கதான் அன்னன்னிக்கி படிச்சிட்டு எடுத்துட்டீங்களே."

"நான் படிக்கல கனகா."

மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "இன்னா?"

"ஒன்னுகூட படிக்கல. மேல சுழி மட்டும் பேரா நின்னுச்சா, நீ எழுத வராம உட்டுட்டியோன்னு நெனச்சிக்கினேன். கீழ இருக்கும்னு தோணல. வெறும் தாள்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

கனகா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். மடியில் மடித்தும் மடிக்காமலும் ஒரு புடவை. அவனையே பார்த்தாள்.

"நெசமாவா? ஒன்னுகூடவா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

முதலில் அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது அழுகையாகிவிட்டது. புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவன் பக்கத்தில் போய்த் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவரு எல்லாத்தையும் படிக்கிறாரு. படிச்சிட்டு ஒன்னும் சொல்லாம எடுத்துப் போட்டுடறாரு. அப்ப நான் சொல்றது எதுவும் இவருக்கு ஒரு பொருட்டே இல்லன்னு நெனச்சேன். ஒன்னு கேட்டேன். மறுபடியும் கேட்டேன். கெஞ்சிக்கூட கேட்டேன். அதுக்கு நீங்க இன்னா எழுதி வெச்சீங்க? 'தயங்காமல் எழுதவும்.' படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. அன்னியோட உட்டுட்டேன்."

"ஐயோ கனகா."

"நைட் ஷிப்டுக்கு நீங்க போனப்புறம் பின்பக்க ஜன்னல் காத்துக்கு அடிச்சிக்கினே இருக்கும். எந்திரிச்சிப் போய் சாத்தவும் பயம். வெளக்கப் போட்டுக்கினு உக்காந்திருப்பேன். அதையெல்லாம் எழுதுனேன். நீங்க வந்து 'தொட்டி மூடிய பாத்தியா'ன்னு கேப்பீங்க."

அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுழல ஆரம்பித்தது. ஹாலில் கம்ப்யூட்டர் 'பீப்' என்று உயிர் பெற்றது. அன்புசெல்வன் துள்ளிக்கொண்டு ஓடினான்.

"இரு இரு, எல்லாம் போயிருக்காது! அழிச்சது ரீசைக்கிள் பின்ல இருக்கும். நான் எப்பவாச்சும்தான் அத காலி பண்ணுவேன். கடைசியா போட்டதெல்லாம் கண்டிப்பா கெடைக்கும். அது இன்னான்னா கனகா, நம்ம ஊட்டுக் குப்பைத் தொட்டி மாரிதான், கொட்டுற வரைக்கும் உள்ளயே இருக்கும். இப்ப இத தொறந்து, ரெஸ்டோர்னு ஒன்னு வரும், அத தட்டுனா…"

"ஏங்க."

"ஒரு நிமிஷம், லோட் ஆவுது. இதுக்குத்தான் பழைய மெஷின் வாங்கக்கூடாதுன்றது. எல்லாத்தையும் எடுத்துடலாம், எடுத்து மொத வரிய மாத்தி தேதி போட்டு வெச்சா…"

"ஏங்க!"

கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அப்படிக் குரல் உயர்த்தி அவன் கேட்டதில்லை. திரும்பினான். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"எழுதுனவ இங்க நிக்கிறேன். அதுல இன்னா தேடுறீங்க?"

அன்புசெல்வன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ஸ்விட்சை அணைத்தான். எழுந்து வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டான். அவன் தானாக வாயை மூடியதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

கனகாவும் கீழே உட்கார்ந்தாள். விரலால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் குறுக்கே பேசுவான் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. பேசவில்லை.

"நான் வேலைக்குப் போவணும்" என்றாள். "சிப்காட்லியே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில டிப்ளமா படிச்ச பொண்ணுங்கள எடுக்கிறாங்க. அதத்தான் கேட்டேன். அந்தத் தேதி போயிடுச்சி. ஆவணில மறுபடியும் எடுப்பாங்களாம். சபையில நீங்க ராணி மாரி வெச்சிக்கிறேன்னு சொன்னீங்க. எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் ஆட்டல. படிச்சது கையவிட்டுப் போவுதுங்க. ஊட்ல தனியா உக்காந்திருக்கும்போது, நான் எதுக்குப் படிச்சேன்னு இருக்குது."

அன்புசெல்வனுக்கு நாக்கு நுனியில் நூறு விஷயம் வந்து நின்றது. அந்தக் கம்பெனியில் யாரைத் தெரியும், பயோடேட்டா எப்படி எழுத வேண்டும், எந்த வேனில் போகலாம். அத்தனையையும் முழுங்கினான். முழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது.

"போ" என்றான்.

அவள் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேற இன்னா எழுதுன? சொல்லு."

அதற்குப் பிறகு அவள் சொல்லிக்கொண்டே போனாள். அத்தனை பேச்சு அவளிடம் இருந்தது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவோடு ஏற்பட்ட சிநேகம், ஊர் நினைப்பு வந்து அழுதது, காலை நாஷ்டாவுக்கு அவனுக்கு உப்புமா பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் தவித்தது, ரசத்தில் வேண்டுமென்றே மிளகை அள்ளிப் போட்டது. "நீங்க தூங்கும்போது ரொம்ப அழகா இருக்கீங்கன்னு ஒரு நாள் எழுதுனேன். அப்பதான் வாய் மூடியிருக்குது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்புசெல்வன் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் அதைத் துடைக்கவும் இல்லை.

வெயில் தாழ்ந்து, தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அவள் பேச்சு ஓய்ந்தது. எழுந்து போய்ப் பையைத் திறந்து, பாதிப் புடவைகளை எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தாள்.

"ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிக்கினு போங்க" என்றாள்.

"வரேன். நாளைக்கி உங்க நைனா வர்றாருல்ல, சபையில வாய உட்டவன் நானு. நானே அவர்கிட்ட மாத்திச் சொல்லிடறேன். அவரு மனசு கோணாம எப்புடிச் சொல்லணும்னா…"

"வேணாங்க" என்றாள் கனகா. "எங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க என் பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."